2 அடி தொட்டி, 40 மீன், கோத்தகிரி குளிர்: எந்த பில்டர் போடறது?

கட்டபெட்டு_கயல் | ஏப்ரல் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி பக்கம் கட்டபெட்டுல இருந்து எழுதறேன். வீட்டுல 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்துல ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கு. பையனுக்காக ஆறு கப்பி வாங்கி ஆரம்பிச்சது. இப்ப பெருசும் சிறுசுமா கப்பியே 30 இருக்கும். பிளாட்டி 6, கோல்ட்பிஷ் 3, பாசி தின்னும்னு கடையில குடுத்த சக்கர் 1.

தொட்டிக்குள்ள மூழ்கி ஓடற மோட்டார் பில்டர் ஒண்ணு. அட்டைப்பெட்டியில மணிக்கு 600 லிட்டர்னு போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை தவறாம ஸ்பாஞ்சைக் குழாயடியில அழுக்கு போக அலசி மாட்டறேன். தண்ணி கண்ணாடி மாதிரிதான் இருக்கு. ஆனா ரெண்டு மாசமா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு செத்துட்டே வருது.

போன மாசம் குழாயில தண்ணி வரல. லாரியில வந்த போர் தண்ணி வாங்கி, தொட்டியில பாதி மாத்தினேன். ராத்திரி எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குச்சு. காலையில பாத்தா 7 மீன் போயிடுச்சு. பயந்து போய் மறுநாளே முக்கால்வாசி எடுத்துட்டு, தெரிஞ்சவங்க வீட்டுல இருந்து குழாய் தண்ணி கொண்டாந்து ஊத்தினேன். பையன் அன்னிக்குப் பள்ளிக்கூடமே போகல.

பில்டர் பத்தலைன்னு வீட்டுக்காரர் சொல்றார். 3,000 ரூபாய்க்குள்ள எது வாங்கலாம்?

கூடலூர்_மழை | ஏப்ரல் 14, இரவு 10.15

அக்கா, இவ்வளவு மீனுக்கு உள்ள வைக்கிற பில்டர் காணாது. இன்னும் கொஞ்சம் காசு சேத்து கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளிய வைக்கிற டப்பா பில்டர்) போடுங்க. என் 4 அடி தொட்டியில மூணு வருஷமா அதுதான் ஓடுது. மூணு தட்டு நிறைய செராமிக் ரிங் போடலாம், பாக்டீரியா குடியிருக்க அவ்வளவு இடம். மணிக்கு 1,000 லிட்டர் ஓடறதா பாருங்க.

மேட்டுப்பாளையம்_அக்வா | ஏப்ரல் 14, இரவு 11.02

மணிக்கு 1,000 லிட்டர்னா இந்தத் தொட்டியில கப்பி நீந்தாதுங்க, சுத்தும். கணக்குப் போட்டுப் பாருங்க. 2 கன அடின்னா முழுசா நிறைச்சாலே 56 லிட்டர்தான். அடியில கல்லு, மேல ரெண்டு விரக்கடை காலி போக 45-ல இருந்து 50 லிட்டர் நிக்கும். மணிக்கு 250, 300 லிட்டர் நிஜமா ஓடினாப் போதும். பெட்டியில போட்டிருக்கிற அளவு ஸ்பாஞ்சு, ரிங் ஒண்ணும் இல்லாம ஓட்டிப் பாத்தது, அதையும் நம்பாதீங்க.

நான் ஒன்பது வருஷம் மீன் கடையில வேலை பாத்தவன். இந்த அளவுத் தொட்டிக்குப் பின்னாடி தொங்கற ஹேங்-ஆன் பில்டர் நல்லா வேலை செய்யும். உறிஞ்சற குழாய் வாயில ஒரு ஸ்பாஞ்சு மாட்டணும், இல்லன்னா கப்பிக் குஞ்செல்லாம் உள்ள போயிடும்.

நாயுடுபுரம்_தொட்டி | ஏப்ரல் 15, காலை 6.20

கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன்மா. இங்கன மலை மேல பில்டர் வாங்குறதுக்கு முந்தி ஒரு கேள்வி கேட்டுக்கிறணும்: கரண்ட் போனா அது என்ன ஆகும்?

2018 நவம்பர்ல கஜா புயல் வந்தப்ப எங்க பக்கம் மரம் விழாத ரோடு இல்ல. கரண்ட் வர நாள் கணக்காச்சு. அப்ப என்கிட்டயும் கேனிஸ்டர்தான் இருந்துச்சு. அது மூடின டப்பா பாத்துக்கிருங்க. தண்ணி ஓடுறது நின்னதும் உள்ள இருக்குற பாக்டீரியா மிச்சமிருக்குற ஆக்சிஜனைக் கொஞ்ச நேரத்துல தின்னுபுட்டுச் சாக ஆரம்பிச்சிரும். மூணாம் நாள் ஜெனரேட்டர் கிடைச்ச சந்தோசத்துல அப்படியே ஸ்விட்சைப் போட்டேன். உள்ள அழுகிக் கிடந்த தண்ணி பூராம் தொட்டிக்குள்ள இறங்கிருச்சு. முட்டை அழுகின நாத்தம். அஞ்சு வருசமா வளத்த ஏஞ்சல் மீன் ஜோடி கண்ணு முன்னாடி போச்சு. அதைக் கழுவாம ஓட்டுனது நான் செஞ்ச தப்பு, இன்னைக்கும் மனசு ஆறல.

ஹேங்-ஆன்லயும் ஒரு விசயம் இருக்கு. கரண்ட் போய் வந்தா சிலது தானா தண்ணி இழுக்காது. தொட்டித் தண்ணி கொஞ்சம் இறங்கியிருந்தா மோட்டார் வெறுமனே சுத்திக்கிட்டுக் கிடக்கும். வீட்டுல ஆள் இல்லாத நேரம்னா அம்புட்டுத்தான்.

இப்ப நான் வச்சிருக்குறது ஏர் மோட்டார்ல ஓடுற ஸ்பாஞ்ச் பில்டர் ரெண்டு. மூணு நாலு வாட் தான் இழுக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு பக்கத்துலயே இருக்கு. கரண்ட் போனா குழாயைக் கழட்டி அதுல சொருகிட்டா பில்டர் நிக்காது, மீனுக்குக் காத்தும் நிக்காது.

மேட்டுப்பாளையம்_அக்வா | ஏப்ரல் 15, காலை 8.05

ஐயா சொல்றது சரிதான். கீழ இருந்துட்டு நான் கரண்ட்டை யோசிக்கல. மலைக்கு ஸ்பாஞ்சுன்னே வெச்சுக்கலாம்.

உதகை_வேதியியல் | ஏப்ரல் 15, மாலை 5.30

கயல் அவர்களுக்கு, பில்டர் வாங்கும் முன் சில அளவுகள் வேண்டும். தொட்டித் தண்ணீர், குழாய்த் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றுக்கும் பி.எச். (தண்ணீர் புளிப்பா காரமா என்ற அளவு), கே.எச். (அதில் கரைந்திருக்கும் கார்பனேட் அளவு) பாருங்கள். தொட்டிக்கு அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளவும் வேண்டும். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் நல்லது. உங்கள் 3,000 ரூபாயில் முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

நீங்கள் சொன்னதில் ஒன்று உறுத்துகிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, ஆனால் மீன் சாகிறது. அமோனியாவுக்கு நிறமே கிடையாது.

கட்டபெட்டு_கயல் | ஏப்ரல் 20, இரவு 8.10

கிட் வந்துடுச்சு சார். பையனும் நானும் சேந்து பாத்தோம்.

தொட்டி: பி.எச். 6.0 (கிட்டுல அதுக்குக் கீழ நிறமே இல்ல), கே.எச். முதல் சொட்டுலயே நிறம் மாறிடுச்சு, அமோனியா 4, நைட்ரைட் 0, நைட்ரேட் 40.
குழாய்: பி.எச். 6.8, கே.எச். 1.
லாரித் தண்ணி (பக்கத்து வீட்டு டிரம்ல இருந்துச்சு): பி.எச். 8.0, கே.எச். 12.
தொட்டி வெப்பம் காலையில 18, மத்தியானம் 21.

கூடலூர்_மழை | ஏப்ரல் 20, இரவு 8.31

அமோனியா 4! அக்கா, இன்னிக்கே முழுத் தண்ணியும் மாத்துங்க. சமையல் சோடா போட்டா பி.எச். ஏறிடும்.

உதகை_வேதியியல் | ஏப்ரல் 20, இரவு 8.44

தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். சோடாவை இன்று தொடவே வேண்டாம். ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

உதகை_வேதியியல் | ஏப்ரல் 20, இரவு 9.50

மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விடுகிறது. பில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். மலைத் தண்ணீரில் நம்மைக் கவிழ்ப்பது அடுத்தது. இந்த வேலை நடக்கும்போது தண்ணீரில் இருக்கும் கார்பனேட் செலவாகிறது. கே.எச். என்று நீங்கள் அளந்தது அதைத்தான். ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் மாற அந்தக் கார்பனேட் தரும் காரத்தன்மையில் ஏறக்குறைய 7 மில்லிகிராம் போகிறது.

உங்கள் தொட்டிக்குக் கணக்குப் போடுவோம். தீவனத்தில் 40 சதவீதம் புரதம் என்றால் 1 கிராமில் நைட்ரஜன் 64 மில்லிகிராம். அதில் பாதிக்கு மேல் அமோனியாவாக வரும் என்று வைத்து 35 எடுத்துக்கொள்கிறேன். அதை மாற்ற 250 மில்லிகிராம் காரத்தன்மை வேண்டும். 50 லிட்டரில் அது லிட்டருக்கு 5 மில்லிகிராம். உங்கள் குழாய்த் தண்ணீரில் இருப்பதே லிட்டருக்கு 18 மில்லிகிராம்தான், கே.எச். 1 என்றால் அவ்வளவு. தினமும் ஒரு கிராம் தீவனம் போட்டால் நாலே நாளில் கையிருப்பு தீர்ந்துவிடும். பிறகு பி.எச். சரிந்து 6-ஐத் தொடும்போது பாக்டீரியா ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடுகிறது. உங்கள் பில்டர் ஓடுகிறது, தூசியைப் பிடிக்கிறது, அதனால் தண்ணீர் தெளிவு. அமோனியாவை அது தொடவே இல்லை. நைட்ரைட் 0 என்று வந்திருப்பதை நல்ல சேதியாக எடுக்காதீர்கள். முதல் படியே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். 40 நைட்ரேட், அது வேலை செய்த நாட்களின் மிச்சம்.

அப்படியானால் மீன்கள் எப்படி உயிரோடு இருந்தன? குறைந்த பி.எச்.-இல் அமோனியா பெரும்பாலும் அமோனியம் என்ற வடிவில் இருக்கும். அதன் விஷம் மிகக் குறைவு. பி.எச். ஒரு புள்ளி ஏறினால் விஷ வடிவம் சுமார் 10 மடங்கு ஆகும். நீங்கள் லாரித் தண்ணீரைப் பாதி ஊற்றியபோது மொத்த அமோனியா பாதியாகக் குறைந்திருக்கும், உண்மை. ஆனால் பி.எச். 6-லிருந்து 7.5-க்குத் தாவியிருந்தால் விஷப் பங்கு 30 மடங்கு. பாதியாக்கினாலும் 15 மடங்கு மிச்சம். கூடவே தண்ணீரின் உப்புத்தன்மையும் ஒரே மூச்சில் மாறியது. அன்று இரவு அவை மேலே வந்து மூச்சு வாங்கியது இதனால்தான். அந்தப் போர் தண்ணீரில் விஷம் இருந்ததாக நினைக்க வேண்டியதில்லை.

இன்று சோடா போட்டால் அதே இரவு திரும்ப வரும்.

கூடலூர்_மழை | ஏப்ரல் 20, இரவு 10.12

சார், நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க அக்கா. சார் உடனே பாத்து எழுதினது நல்லதாப் போச்சு.

கட்டபெட்டு_கயல் | ஏப்ரல் 20, இரவு 10.20

மூணு தடவை படிச்சேன் சார். இப்பத்தான் புரியுது. நானா விஷம் வெக்கலேன்னு பையன்கிட்ட சொல்லணும். அவன் என்கிட்ட முகம் குடுத்துப் பேசி நாளாச்சு. இப்ப நான் என்ன செய்யணும்?

உதகை_வேதியியல் | ஏப்ரல் 21, காலை 7.00

இன்று முதல் தினமும் ஒரு சிறிய வாளி, 6 லிட்டர் போதும், குழாய்த் தண்ணீரால் மாற்றுங்கள். முந்தைய நாளே திறந்த வாளியில் பிடித்து வையுங்கள். பிளீச்சிங் பவுடர் வாடை போகும், வீட்டு வெப்பத்துக்கும் வந்துவிடும். தீவனம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. அமோனியா 1-க்குக் கீழே வந்த பிறகு கே.எச். ஏற்றுவோம். அதற்கு மருந்து உங்கள் பக்கத்து வீட்டு டிரம்மிலேயே இருக்கிறது. நாலு பங்கு குழாய்த் தண்ணீரோடு ஒரு பங்கு லாரித் தண்ணீர் கலந்தால் கே.எச். 3-க்கு வரும். கப்பிக்கும் பிளாட்டிக்கும் கொஞ்சம் கடினமான தண்ணீர்தான் பிடிக்கும்.

லாரித் தண்ணீர் கிடைக்காத மாதங்களில் நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை ஒரு வலைப் பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில் போட்டு வையுங்கள். தண்ணீர் புளிப்பாகும்போது கரையும், இல்லாதபோது சும்மா இருக்கும். அமோனியா 0 ஆன பிறகு சோடாவும் தப்பில்லை: 50 லிட்டருக்கு ஒரு மட்ட டீஸ்பூன் கே.எச்.-ஐ மூன்று புள்ளிக்கு மேல் ஏற்றும், ஆகவே கால் டீஸ்பூனாக, நாள் இடைவெளி விட்டு.

மேட்டுப்பாளையம்_அக்வா | ஏப்ரல் 21, காலை 9.15

பில்டருக்கு நான் சொல்றேங்க. ஸ்பாஞ்ச் பில்டர் ரெண்டு, ரெண்டு வாய் இருக்கிற ஏர் மோட்டார் ஒண்ணு. பழைய மோட்டார் பில்டரைக் கழட்டி வீசிடாதீங்க, மூணும் சேந்து ரெண்டு மாசம் ஓடட்டும். இருக்கிற கொஞ்ச நஞ்ச பாக்டீரியா அதுலதான் ஒட்டிட்டு இருக்கு, புது ஸ்பாஞ்சுக்கு அதுதான் விதை.

ஞாயித்துக்கிழமை குழாயடி அலசல் இத்தோட நிக்கணும். நீங்க சுத்தம்னு நினைச்சுக் கழுவினது அந்த விதையைத்தான், அதுவும் குளோரின் தண்ணியில. தொட்டியில இருந்து எடுத்த அழுக்குத் தண்ணி வாளியிலயே ஸ்பாஞ்சை ரெண்டு பிழி பிழிஞ்சு மாட்டுங்க. இந்த மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல தொடக் கூடாது.

அப்புறம் மனசு நோகாம கேளுங்க. கோல்ட்பிஷ் மூணும் இந்தத் தொட்டியில இருக்கக் கூடாது. ஒவ்வொண்ணும் அரை அடிக்கு வளர்ற மீன், 30 கப்பி போடற அழுக்கை அது மூணே போடும். அதுக்குக் குளிர்தான் பிடிக்கும், கப்பிக்கு 24 டிகிரி வேணும். ரெண்டையும் ஒரே தண்ணியில வெச்சா ஒண்ணுக்கு வேர்க்கும், ஒண்ணு நடுங்கும். சக்கர் ஒரு அடிக்கு மேல வளரும். பாசி தின்னு தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு கடையில நானே எத்தனை பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன். அது தின்னறதை விடப் போடறது அதிகம். அதை எண்ணி வருத்தப்படறேன்.

எந்த பில்டரும் 50 லிட்டரை 100 லிட்டர் ஆக்காதுங்க. குடுக்க ஆள் கிடைக்கலைன்னாலும் ஓடையிலயோ ஏரியிலயோ மட்டும் விட்டுடாதீங்க. சக்கர் தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல பெருகி உள்ளூர் மீனை நெருக்கிட்டு இருக்கு.

நாயுடுபுரம்_தொட்டி | ஏப்ரல் 21, பகல் 1.40

ஏர் மோட்டாரைத் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்கம்மா. முடியலைன்னா குழாய்ல ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுக்கிருங்க. கரண்ட் போனா தண்ணி குழாய் வழியா திரும்பி இறங்கி மோட்டாரையும் நனைக்கும், தரையையும் நனைக்கும். வாத்தியாருக்கு ஒரு கேள்வி. குளிர்ந்த தண்ணியில ஆக்சிஜன் ஜாஸ்தின்னு சொல்றாங்களே, பிறகு ஏன் நம்ம ஊர்ல மீனு மேல வந்து மூச்சு வாங்குது?

உதகை_வேதியியல் | ஏப்ரல் 21, இரவு 9.05

நல்ல கேள்வி ஐயா. கடல் மட்டத்தில் 28 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 15 டிகிரி தண்ணீர் 10 பிடிக்கும். ஆனால் உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை விடச் சற்று அதிகம், அவ்வளவே. அந்த 10 இங்கே 7.7 ஆகிவிடும். குளிர் கொடுத்ததை உயரம் வாங்கிக்கொள்கிறது. ஹீட்டர் போட்டு 24 டிகிரிக்கு ஏற்றினால் 6.5-க்கு இறங்கும். சென்னைக்காரர் தொட்டியை விட நம் தொட்டியில் காற்று குறைவு. பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும் ஸ்பாஞ்ச் பில்டரை நான் ஆதரிப்பது இதனால்தான். உங்களுக்குக் கரண்ட், எனக்குக் காற்றழுத்தம், இரண்டு வழியாகவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

குளிருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 25 டிகிரியில் பாக்டீரியா செய்யும் வேலையில் ஏறக்குறைய பாதிதான் 15 டிகிரியில் நடக்கும். கீழ்நாட்டில் புதுத் தொட்டி பழக, அதாவது பில்டரில் பாக்டீரியா போதிய அளவு பெருக, நாலிலிருந்து ஆறு வாரம் என்பார்கள். ஹீட்டர் இல்லாத மலை வீட்டில் அதை நம்பி மீன் விடக் கூடாது. இந்த அளவுத் தொட்டிக்கு 100 வாட் ஹீட்டர், மேலே கண்ணாடி மூடி, பின்பக்கமும் அடியிலும் தெர்மாக்கோல்.

கட்டபெட்டு_கயல் | மே 4, இரவு 8.45

அமோனியா 1-க்கும் கீழ வந்துடுச்சு. பி.எச். 6.4. ஏப்ரல் 20-க்கு அப்புறம் ஒண்ணு கூடச் சாகல. ஸ்பாஞ்சு ரெண்டும் ஓடுது. கோல்ட்பிஷ்ஷை எதிர்வீட்டுத் தாத்தா சிமெண்ட் தொட்டியில விட்டிருக்கோம், பையன் ஸ்கூல் விட்டு வர்றப்ப அதைப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கே வர்றான். சக்கரைக் குன்னூர்ல பெரிய தொட்டி வெச்சிருக்கிறவர் வாங்கிக்கிட்டார். நாளையில இருந்து கலந்த தண்ணி ஊத்தறேன்.

கட்டபெட்டு_கயல் | மே 19, காலை 6.50

சார், நைட்ரைட் 1 காட்டுது! இது வரைக்கும் 0-தான் இருந்துச்சு. தப்பா ஏதாவது பண்ணிட்டேனா?

உதகை_வேதியியல் | மே 19, காலை 7.30

இல்லை. பில்டர் விழித்துக்கொண்டது. முதல் பாக்டீரியா வேலை தொடங்கிவிட்டது, இரண்டாவது இன்னும் பெருகவில்லை. ஒரு டீஸ்பூன் கல் உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு நைட்ரைட்டை மீனின் செவுளுக்குள் எளிதில் நுழைய விடாது. தீவனத்தைக் குறைத்தே வையுங்கள், ஸ்பாஞ்சைத் தொடாதீர்கள்.

கட்டபெட்டு_கயல் | ஜூன் 23, இரவு 9.20

எழுத நேரமே கிடைக்கல, மன்னிக்கணும். இன்னிக்கு அளவு: அமோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20, கே.எச். 4, பி.எச். 7.2. வெப்பம் 24. பையன் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதிட்டு வர்றான், அவன்தான் சொட்டு எண்ணறது.

போன புதன்கிழமை காத்துக்கு லைன் மேல மரம் விழுந்து ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்ல. ஐயா சொன்ன மாதிரி குழாயைக் கழட்டி பேட்டரி பம்ப்ல சொருகினேன். தொட்டியைச் சுத்திக் கம்பளி போட்டோம். காலையில 19 டிகிரிக்கு இறங்கியிருந்துச்சு, ஆனா எல்லாம் நல்லா இருந்துச்சு.

இன்னும் ஒரு சந்தேகம். கப்பி மறுபடியும் குட்டி போட்டுடுச்சு. இப்படியே போனா கூட்டம் பழையபடி ஆயிடுமே?

கூடலூர்_மழை | ஜூன் 23, இரவு 9.41

அக்கா, ஒன்பது மணி நேரம் தாங்குச்சா! அவலாஞ்சில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டின 2019 ஆகஸ்ட் மழையில எங்களுக்கும் கரண்ட் போய், பாதி மீன் போயிடுச்சு. என் கேனிஸ்டரோட இப்ப ஒரு ஸ்பாஞ்சும் சேத்து ஓட்டறேன், பேட்டரி பம்ப்பும் வாங்கிட்டேன்.

மேட்டுப்பாளையம்_அக்வா | ஜூன் 23, இரவு 10.10

ஆணை மட்டும் தொட்டியில வெச்சுட்டு பெண்ணைக் குடுத்துடுங்க. வால் பெருசா நிறமா இருக்கிறது ஆண், வயித்துக்குக் கீழ துடுப்பு கம்பி மாதிரி கூரா இருக்கும். பெண்ணைத் தனியா வெச்சாலும் குட்டி நிக்காது, ஒரு தடவை சேந்தா மாசக்கணக்குல போடும். வாங்கறவங்ககிட்ட அதையும் சொல்லிக் குடுங்க.

கட்டபெட்டு_கயல் | ஜூன் 24, இரவு 7.55

எண்ணிட்டோம்ங்க. ஆண் 13, பெண் 11, தெரியாத குஞ்சு ஏழெட்டு. எல்லாத்தையும் குடுக்க ஒத்துக்கிட்டான். வயித்துல கறுப்புப் புள்ளி இருக்கிற ஒரு பெண்ணை மட்டும் விட மாட்டேங்கறான். மொதல்ல வாங்கின ஆறுல அது ஒண்ணுதான் மிச்சமாம்.

நாயுடுபுரம்_தொட்டி | ஜூன் 24, இரவு 8.30

இருக்கட்டும்மா. அந்த ஒண்ணுக்கு ஒரு சின்னத் தொட்டி, ஒரு சின்ன ஸ்பாஞ்சு போதும். இப்ப ஓடுற ஸ்பாஞ்சைப் பிழியிற அழுக்குத் தண்ணியை அதுல ஊத்திவிடுங்க, சீக்கிரம் பழகிரும்.